கடற்கரை இயந்திரங்களுக்கு ஆயிலும் கிரீஸும்: இராமநாதபுரம் பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கரையோரம் முழுக்க இயந்திரங்கள் ஓடுகின்றன. ஐஸ் கம்பெனியில் அமோனியா கம்ப்ரசர், விசைப்படகில் டீசல் இஞ்சினும் வலைக்கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும், உப்பளத்தில் உப்பு அரைக்கும் மில், கொஞ்சம் உள்ளே போனால் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ரைஸ் மில். இயந்திரம் வேறு வேறாக இருந்தாலும் எதிரி ஒன்றுதான்: உப்பு கலந்த ஈரம். கோயம்புத்தூர்ப் பட்டறையில் ஆயில் பெரும்பாலும் சூட்டில் ஓடி ஓடிக் கெடும். இங்கே அந்த வயது வருவதற்குள்ளேயே தண்ணீர் உள்ளே போய்க் கெடுத்துவிடுகிறது.

அதனால் "எத்தனாம் நம்பர் ஆயில்?" என்று மட்டும் கேட்டு வாங்கினால், கேட்க வேண்டியதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். நம்பர் எந்த ஊருக்கும் ஒன்றுதான். அந்த ஆயில் உப்புத் தண்ணீரை எப்படித் தாங்கும் என்பதுதான் நம் கரைக்கான கேள்வி. இந்த வழிகாட்டி இரண்டையும் வரிசையாகச் சொல்கிறது.

படி 1: இயந்திரத்தை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் ஆயிலோ கிரீஸோ போகும் ஒவ்வொரு இடத்தையும் எழுதுங்கள். என்ன பாகம், எவ்வளவு வேகம், எவ்வளவு சூடாகிறது, தண்ணீர் தெறிக்குமா, உணவுப் பொருள் பக்கத்தில் இருக்கிறதா, உள்ளே வெண்கலமோ பித்தளையோ உண்டா. கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். கையேடு இருந்தால் அதுதான் முதல் வார்த்தை. கையேடு தொலைந்துபோன பழைய இயந்திரத்துக்குத்தான் மற்ற யூகங்கள்.

படி 2: பாகுத்தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கிறது. அந்தப் படலம் நிற்பதும் கிழிவதும் ஆயிலின் கெட்டித்தன்மையை, அதாவது பாகுத்தன்மையைப் பொறுத்தது. வேகமாகச் சுற்றும் சிறிய பேரிங்குக்கு இளகிய ஆயில் போதும். வேகமே படலத்தை உருவாக்கிவிடும். மெதுவாகச் சுற்றிப் பெரும் பாரம் தாங்கும் கியருக்குக் கெட்டியான ஆயில் வேண்டும்.

தொழிற்சாலை ஆயில் கேன்களில் இருக்கும் 32, 46, 68, 100, 150, 220, 320, 460, 680 எல்லாம் ஐஎஸ்ஓ விஜி எண்கள். பாகுத்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக் என்பதுதான் அந்த எண். பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். நல்லெண்ணெய் 32-க்கும் 46-க்கும் நடுவே நிற்கும். விளக்கெண்ணெய் 220-க்கும் 320-க்கும் நடுவே. இந்த இரண்டையும் விரலில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஹைட்ராலிக் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் உள்ள தூரம் கைக்கே தெரியும்.

குழப்பம் வருவது எஸ்ஏஇ எண்களால். வண்டி உலகத்தின் எண்களான அவை வேறு அளவுகோலில் வந்தவை. அதிலும் இஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவு, கியர் ஆயிலுக்கு இன்னொன்று. இஞ்சின் ஆயில் எஸ்ஏஇ 30 ஏறத்தாழ விஜி 100-க்கு நிகர். எஸ்ஏஇ 40 ஏறத்தாழ விஜி 150. கியர் ஆயில் எஸ்ஏஇ 90 விஜி 220-க்குப் பக்கத்தில் வரும். "தொண்ணூறு நாற்பதை விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி" என்று எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

அடுத்தது சூடு. ஆயில் சூடாக ஆக இளகும். குளிர்நாட்டில் தயாரான இயந்திரத்தின் கையேட்டில் ஹைட்ராலிக் ஆயில் விஜி 46 என்றிருக்கும். டேங்க் 60 டிகிரியில் நிற்கும்போது சாதாரண விஜி 46 ஏறத்தாழ 20 சென்டிஸ்டோக்குக்கு இறங்கிவிடும். விஜி 68 ஏறத்தாழ 28-ல் நிற்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் டேங்க் 70-ஐத் தொட்டால் 46 வெறும் 15-க்கு வந்துவிடும், 68 இன்னும் 20-ல் இருக்கும். பல பிஸ்டன் பம்ப்புகள் 16-லிருந்து 36 வரைதான் நன்றாக ஓடும். ஆகவே இங்கே 68 பொருந்தும் இடங்கள் நிறைய. ஆனாலும் கையேட்டில் வெளிச்சூட்டுக்கு ஏற்ற அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். "கெட்டியாகப் போட்டால் பாதுகாப்பு" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் தன்னையே கடைந்து சூடாகும், மின்சாரத்தையும் தின்னும்.

பாகுத்தன்மைக் குறியீடு என்று இன்னொரு எண் தயாரிப்பாளரின் தகவல் தாளில் இருக்கும். சூட்டில் ஆயில் எவ்வளவு குறைவாக இளகுகிறது என்பதைச் சொல்வது அது. சாதாரண மினரல் ஆயிலுக்கு 95-100, சிந்தெடிக்குக்கு இன்னும் அதிகம். காலையும் மதியமும் சூடு பெரிதாக மாறும் இடத்தில் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள்.

படி 3: ஆயிலின் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

அடிப்படை எண்ணெயில் சில ரசாயனச் சேர்மானங்களைக் கலந்ததுதான் கடை ஆயில். ஒரே விஜி 68-ல் ஹைட்ராலிக் ஆயில் உண்டு, கியர் ஆயில் உண்டு, டர்பைன் ஆயில் உண்டு, குளிர்பதன ஆயில் உண்டு. கெட்டி ஒன்று, சேர்மானம் வேறு.

நம் பக்கம் நிறைய இடங்களில் நடப்பது, மீந்த இஞ்சின் ஆயிலை எல்லாவற்றுக்கும் ஊற்றுவது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இஞ்சின் ஆயிலில் கரியையும் அழுக்கையும் மிதக்க வைக்கும் சேர்மானம் உண்டு; இஞ்சினுக்கு அது வேண்டியதே. அதே சேர்மானம் தண்ணீரையும் பிரியவிடாமல் ஆயிலோடு பிடித்து வைக்கும். கியர் பாக்ஸிலோ ஹைட்ராலிக் டேங்கிலோ நமக்கு வேண்டியது நேர் எதிர்: தண்ணீர் சீக்கிரம் பிரிந்து அடியில் தேங்க வேண்டும், நாம் திறந்து விட்டுவிட வேண்டும்.

ஹைட்ராலிக்குக்குத் தேய்மானத் தடுப்புள்ள ஹைட்ராலிக் ஆயில். சர்வோ சிஸ்டம் 68, ஹெச்பி என்க்லோ 68, ஷெல் டெல்லஸ் 68 எல்லாம் இந்த ஒரே வகுப்பில் வருபவை. சாய்ந்த பல் கொண்ட சாதாரண ஹெலிகல் கியர் பாக்ஸுக்கு ஈபி எனப்படும் அதிக அழுத்தம் தாங்கும் கியர் ஆயில், விஜி 220 அல்லது 320.

திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர் தனி. அதன் சக்கரம் பெரும்பாலும் வெண்கலம். ஈபி ஆயிலில் உள்ள கந்தகம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். அதனால் வார்ம் கியருக்கென்றே சொல்லி விற்கும் விஜி 460 அல்லது 680 ஆயிலைக் கேளுங்கள். சில வார்ம் பாக்ஸுகளில் பாலிகிளைகால் என்ற சிந்தெடிக் ஆயில் தொழிற்சாலையிலேயே நிரப்பி வரும். அது மினரல் ஆயிலோடு சேராது, கலந்தால் பிசினாகிவிடும்.

காற்றுக் கம்ப்ரசருக்கு, பிஸ்டன் வகை என்றால் விஜி 100 அல்லது 150, ஸ்க்ரூ வகை என்றால் பெரும்பாலும் விஜி 46, கம்ப்ரசருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பம்ப் பேரிங் ஹவுசிங்குக்குத் துரு, ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மட்டும் உள்ள டர்பைன் வகை ஆயில் போதும். தண்ணீர் அதிலிருந்து அழகாகப் பிரியும்.

படி 4: உப்புத் தண்ணீர்ச் சோதனையை வைத்து முடிவெடுங்கள்

உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

உப்புத் தூசி வறண்டிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கரையோர இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்து பறக்கும்; வாடைக்காற்றில் ஈரம் கூடும். ஆக, பகலில் தூசியாக ஒட்டியது இரவில் உப்புத் தண்ணீராகி இரும்பைத் தின்னத் தொடங்குகிறது.

அது கியர் பாக்ஸுக்குள் எப்படிப் போகிறது? ஓடும்போது பாக்ஸ் சூடாகி உள்ளே உள்ள காற்று விரிந்து, பிரீதர் எனப்படும் காற்று ஓட்டை வழியே வெளியேறும். நிறுத்தியதும் பாக்ஸ் குளிர்ந்து அதே ஓட்டை வழியே வெளிக்காற்றை உள்ளிழுக்கும். உள்ளே வந்த ஈரக்காற்று ஆயில் மட்டத்துக்கு மேலே உள்ள இரும்பில் வியர்த்து, அங்கேதான் முதல் துரு பிடிக்கும். தினமும் ஓட்டி நிறுத்தும் இயந்திரம் தினமும் ஒரு தடவை இப்படி உப்புக்காற்றைக் குடிக்கிறது. நிற்காமல் ஓடும் இயந்திரத்தைவிட நின்று நின்று ஓடும் இயந்திரம் இங்கே சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆயில் வாங்கும்போது கடைக்காரரிடம் தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கேளுங்கள். கைபேசியிலேயே அனுப்பச் சொல்லலாம். அதில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

முதல் வரி துருச் சோதனை, ஏஎஸ்டிஎம் டி665. இதில் ஏ, பி என்று இரண்டு முறை உண்டு. ஏ நல்ல தண்ணீரில் செய்வது. பி செயற்கைக் கடல் நீரில் செய்வது. "துருச் சோதனையில் தேறியது" என்று மட்டும் இருந்தால் அது ஏ-வாக இருக்கலாம். நமக்கு வேண்டியது பி. இந்த ஒரு எழுத்துக்காகவே ஒரு பிராண்டை விட்டு இன்னொரு பிராண்டுக்குப் போகலாம் என்பேன்.

இரண்டாவது வரி நீர் பிரியும் திறன், டி1401. ஆயிலையும் தண்ணீரையும் நாற்பது நாற்பது மில்லி எடுத்துக் கலக்கி, எத்தனை நிமிடத்தில் பிரிகிறது என்று பார்ப்பார்கள். "40-40-0" என்று எழுதி நிமிடம் போட்டிருப்பார்கள். இரண்டும் முழுதாகப் பிரிந்து நடுவே குழம்பு எதுவும் மிஞ்சவில்லை என்று பொருள். நிமிடம் குறைய இருந்தால் நல்லது.

நல்ல ஆயில் வாங்கினாலும் பழைய பிரீதரை அப்படியே விட்டால் பலன் பாதிதான். சிலிகா ஜெல் அடைத்த பிரீதர் கிடைக்கிறது. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும், நிறைந்ததும் நிறம் மாறிக் காட்டும். முக்கியமான கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக் டேங்குக்கும் இதைப் போடுங்கள். வாரம் ஒருமுறை காலையில், இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன், அடி வால்வைக் கொஞ்சம் திறந்து முதலில் வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் முதலில் வரும். ஒரு செலவும் இல்லாத இந்த வேலை நிறைய பேரிங்குகளைக் காப்பாற்றும்.

படி 5: ஐஸ் கம்பெனிக்கு மட்டும்

அமோனியா கம்ப்ரசரின் ஆயில் மற்ற எதோடும் ஒப்பிட முடியாதது. பொதுவாக விஜி 68 குளிர்பதன ஆயில், அமோனியாவுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியது வேண்டும். இஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ கூடவே கூடாது. அவற்றின் சேர்மானங்கள் அமோனியாவோடு வினைபுரிந்து கசடாகி ஆயில் வழிகளையும் ஃபில்டரையும் அடைக்கும். ஏ.சி. மெக்கானிக்குகள் புதிய வகை வாயுக்களுக்குப் பயன்படுத்தும் எஸ்டர் ஆயிலும் அமோனியாவுக்கு ஆகாது. "குளிர்பதன ஆயில்தானே" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து, ஓடுநிலைச் சூட்டை (pour point) பாருங்கள். ஆயில் உறையாமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த சூடு அது. கம்ப்ரசரிலிருந்து வாயுவோடு கொஞ்சம் ஆயிலும் கிளம்பிக் குளிரான பக்கம் போகும். தகவல் தாளில் உள்ள ஓடுநிலைச் சூடு, உங்கள் ஆவியாக்கும் சூட்டைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் குளிரூட்டும் காயிலுக்குள் மெழுகாக அப்பிக்கொள்ளும். குளிர் கடக்காது, ஐஸ் உறைய நேரம் கூடும், கரன்ட் பில் ஏறும். வாயு குறைந்துவிட்டது என்று அமோனியா ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கோளாறு உண்மையில் ஆயிலில் இருக்கும்.

மினரல் ஆயில் அமோனியாவில் கரையாது. திரவ அமோனியாவைவிட ஆயில் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கும். அங்கே ஆயில் பாட் என்ற சிறு கலனை வைத்து, அதில் சேரும் ஆயிலை அவ்வப்போது இறக்க வேண்டும். இறக்கும் வேலை உயிரோடு விளையாடுவது. அந்தக் கலனைத் தனிமைப்படுத்தி, உள்ளிருக்கும் அமோனியாவைக் கம்ப்ரசரின் உறிஞ்சுபக்கத்துக்கு ஆவியாகப் போகவிட்ட பிறகே திறக்க வேண்டும். கைவிட்டால் தானே மூடும் ஸ்பிரிங் வால்வு வேண்டும். அமோனியா வாயுவைத் தடுக்கும் முகக்கவசம், கையுறை, பக்கத்தில் தண்ணீர், காற்றோட்டம், இன்னொரு ஆள் வேண்டும். வால்வைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. எவ்வளவு ஆயில் ஊற்றினோம், எவ்வளவு இறக்கினோம் என்று நோட்டில் எழுதுங்கள். ஊற்றியது அதிகமாகவும் இறக்கியது குறைவாகவும் இருந்தால் மீதி ஆயில் காயிலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பித்தளை, செம்பு ஃபிட்டிங் எதையும் அமோனியா ஆயில் வழியில் பொருத்தாதீர்கள். அமோனியா அவற்றை அரித்துவிடும்.

ஐஸ் கேன்களைத் தூக்க மேலே ஓடும் ஹாய்ஸ்டின் கியரும் சங்கிலியும் தனி விஷயம். அங்கிருந்து சொட்டும் ஆயில் நேராக ஐஸில் விழும், ஐஸ் மீனில் போகும், மீன் வீட்டுக்குப் போகும். அதற்கு உணவுத் தர ஆயில் வேண்டும். எச்1 என்று பதிவு செய்தது, தவறித் துளியளவு பட்டாலும் உணவுக்குக் கேடில்லாதது. உப்பு மில்லில் உப்பு விழும் வழிக்கு மேலே உள்ள பேரிங், இறால் பதப்படுத்தும் இடம், இவற்றுக்கும் இதே விதி. விலை கூடத்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. உணவுக்கு மேலே உள்ள இடங்களுக்கு மட்டும் போதும்.

படி 6: கிரீஸ்

கிரீஸ் என்றால் ஆயிலைச் சோப்பு போன்ற ஒரு பொருள் பிடித்து வைத்திருப்பது. வழவழப்பைத் தருவது உள்ளே உள்ள ஆயில்தான். என்எல்ஜிஐ 2 என்று டப்பாவில் இருப்பது கிரீஸ் எவ்வளவு இறுகியது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் ஆயில் கெட்டியா இளகியதா என்று சொல்லாது. வேகமாக ஓடும் மோட்டாருக்கு அடிப்படை எண்ணெய் 100 சென்டிஸ்டோக் பக்கம் இருக்கும் கிரீஸ் போதும். மெதுவாகச் சுற்றும் உப்பு மில் ஷாஃப்டுக்கும் கன்வேயருக்கும் 220-லிருந்து 460 வரை வேண்டும். இந்த எண்ணும் தகவல் தாளில்தான் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்.

சோப்பு எது என்பதில்தான் நம் கரைக்கான விடை இருக்கிறது. பழைய கால்சியம் கிரீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் 60 டிகிரி தாண்டினால் பிரிந்துவிடும். லித்தியம் சூட்டைத் தாங்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். கடையில் எங்கும் கிடைப்பது இதுதான். கால்சியம் சல்ஃபனேட் காம்ப்ளெக்ஸ் என்ற வகை தண்ணீரில் அடித்துக்கொண்டு போகாது, சூட்டையும் பாரத்தையும் தாங்கும், துருவைத் தடுக்கும் குணம் அதன் சோப்பிலேயே இருக்கிறது. உப்பு மில், படகு வின்ச், கடல்நீர்ப் பம்ப், இறங்குதளத்தில் உள்ள எதுவானாலும் என் கை முதலில் இதற்குத்தான் போகும். லித்தியத்தைவிட விலை அதிகம். உப்பில் மாற்றும் பேரிங்கின் விலையையும் வேலை நின்ற நாளையும் சேர்த்துப் பார்த்தால் அது சிறிய தொகை.

கிரீஸின் தகவல் தாளில் எம்கார் சோதனை என்று ஒரு வரி இருக்கும். கிரீஸ் போட்ட பேரிங்கைத் தண்ணீரோடு ஓட்டியும் நிறுத்தியும் துரு பார்ப்பது. 0 என்றால் துருவே இல்லை, 5 என்றால் மோசம். இதிலும் நல்ல தண்ணீரில் செய்த எண், உப்புத் தண்ணீரில் செய்த எண் என்று இரண்டு உண்டு. உப்புத் தண்ணீரில் 0 அல்லது 1 வந்ததை எடுங்கள்.

கலக்காதீர்கள். மோட்டார் பேரிங்குகளில் பாலியூரியா கிரீஸ் நிரப்பி வருவது சகஜம். அதன் மேல் லித்தியத்தை அடித்தால் பல நேரம் இரண்டும் இளகி ஓடிவிடும். என்ன கிரீஸ் உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த தடவை பேரிங்கைத் திறக்கும்போது சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள்.

சரி, எவ்வளவு போடுவது? பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6310 பேரிங்குக்கு வெளிவிட்டம் 110, அகலம் 27. ஏறத்தாழ 15 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு தடவை அழுத்தினால் எத்தனை கிராம் தருகிறது என்பதை மளிகைக்கடைத் தராசிலேயே பார்க்கலாம்: பத்துத் தடவை ஒரு காகிதத்தில் அழுத்தி எடை போட்டுப் பத்தால் வகுங்கள். வேகமான மோட்டாரில் வெளியே பிதுங்கும்வரை அடிப்பது தப்பு. கிரீஸ் கடைபட்டுச் சூடாகும், சீல் கிழியும், சுருள் கம்பியிலும் இறங்கும். ஆனால் மெதுவாகச் சுற்றும், தண்ணீர் தெறிக்கும் வின்ச் போன்றவற்றில் விதி மாறும். அங்கே பழைய கிரீஸ் உப்போடு வெளியே வந்து, புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். அந்த வளையமே உப்புத் தண்ணீரை உள்ளே விடாத கதவு. அடிக்கும் முன் கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடையுங்கள். இல்லாவிட்டால் அதில் ஒட்டிய மணல்தான் முதலில் உள்ளே போகும்.

ரைஸ் மில்லில் உப்புக்குப் பதில் தவிட்டுத் தூசி. இரண்டு பக்கமும் சீல் உள்ள பேரிங் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

படி 7: படகு

இஞ்சினுக்குக் கையேட்டில் சொன்ன ஏபிஐ தரமும் எஸ்ஏஇ எண்ணும். பழைய இஞ்சின்களில் எஸ்ஏஇ 40, புதியவற்றில் பெரும்பாலும் 15டபிள்யூ-40. அமிலத்தை முறிக்கும் திறனைக் காட்டும் டிபிஎன் எண் மிக அதிகமாக இருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். டீசலில் கந்தகம் அதிகமிருந்த காலத்துப் பேச்சு அது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பெட்ரோல் பங்கில் வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான்.

ரிவர்ஸ் கியர் பாக்ஸில் கிளட்ச் தட்டு உள்ளே ஆயிலில் ஓடும் வகை உண்டு. அதற்குப் பெரும்பாலும் இஞ்சின் ஆயிலைத்தான் கையேடு சொல்லும். "கியர் பாக்ஸ்தானே" என்று தொண்ணூறு நம்பர் ஈபி ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் இஞ்சினுக்குள் வந்துவிட்டது. கரைக்கு வந்ததும் அன்றே ஆயிலை இறக்குங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விலை குறைந்த அதே வகை ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் பாரமில்லாமல் ஓட்டி, சூட்டோடு இறக்கி, ஃபில்டர் மாற்றிப் புதியது ஊற்றுங்கள். அதற்கு முன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்: கூலர் ஓட்டையா, பம்ப் சீலா, புகைக்குழாய் வழியாகவா.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பலர் தடை முடிந்து கடலுக்குப் போகும் முன்புதான் ஆயில் மாற்றுகிறார்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அந்த இரண்டு மாதமும் அது பேரிங்கில் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும். ஏப்ரலில் கட்டிப்போடும் முன்பே மாற்றி, புதிய ஆயிலோடு கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவதே சரி. வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சுற்றி வையுங்கள். அந்த மாதங்களில் நிறுத்தி வைக்கும் ஐஸ் கம்ப்ரசருக்கும் இது பொருந்தும், ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும்.

வின்ச் கம்பிக்கயிற்றுக்கு வெளியே கெட்டிக் கிரீஸைப் பூசினால் மேலே பளபளக்கும், உள்ளே துருப்பிடிக்கும். இழைகளுக்கு நடுவே ஊறிச் செல்லும் கயிறு ஆயில் தனியாகக் கிடைக்கிறது. கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு பூசுங்கள். சங்கிலிக்கும் இதேதான், ஆயில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இறங்க வேண்டும்.

படி 8: வைத்திருப்பதும் கவனிப்பதும்

பேரலை வெளியே நிமிர்த்தி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி மேல் தண்ணீர் தேங்கும். இரவில் பேரல் குளிர்ந்து சுருங்கும்போது மூடி இடுக்கு வழியே அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கூரைக்குள் வையுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி திருப்புங்கள். ஒவ்வொரு ஆயிலுக்கும் தனி ஊற்றுகேன், அதில் பெயர் எழுதியிருக்கட்டும். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம். சில சேர்மானங்கள் அதோடு வினைபுரியும். புதிய பேரல் ஆயில் சுத்தமாக இருக்கும் என்று நம்பி ஹைட்ராலிக் டேங்கில் நேராக ஊற்றாதீர்கள், 10 மைக்ரான் ஃபில்டர் வழியாக ஊற்றுங்கள்.

போலி ஆயில் இந்தப் பக்கமும் வருகிறது. பேரலின் சீல், தயாரித்த தேதி, பேட்ச் எண் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காலிக் கேனை விற்கும் முன் ஓட்டை போட்டு விடுங்கள்.

ஓடும் ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 150-160 டிகிரி சூடான இரும்புத் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். பொரிந்து வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி அணிந்து, தீ இல்லாத இடத்தில், மின்சாரத் தட்டில் செய்யுங்கள். அமோனியா கம்ப்ரசர் ஆயிலுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பெரிய இயந்திரமானால் ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்லது. மாதிரியை இயந்திரம் சூடாக இருக்கும்போதே, டேங்கின் நடு மட்டத்திலிருந்து எடுங்கள். அடியிலிருந்து எடுத்தால் கசடு மட்டுமே வரும். தண்ணீர், பாகுத்தன்மை, அமில எண், உலோகத் துகள் நான்கையும் கேளுங்கள். கூடவே சோடியத்தையும் கேளுங்கள். சோடியம் ஏறியிருந்தால், உள்ளே வந்தது பெரும்பாலும் கடல் நீர்தான். காற்றில் வியர்த்த ஈரத்தில் அது அவ்வளவு இருக்காது. இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு: ஒன்றுக்குச் சீலோ கூலரோ மாற்ற வேண்டும், இன்னொன்றுக்குப் பிரீதர் போட்டாலே போதும்.

பிராண்டோ வகையோ மாற்றும்போது பழையதை முழுக்க இறக்கி, புதிய ஆயிலாலேயே ஒருமுறை கழுவி இறக்கிவிட்டு நிரப்புங்கள். அப்புறம் சில நாள் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், புது ஆயில் பழைய கசடைக் கிளப்பிவிடும்.

படி 9: கழிவு ஆயில்

பட்டறைக்குப் பின்னால் மணலில் ஊற்றுவது, சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுப்பது, அடுப்பெரிக்க விற்பது எல்லாம் இங்கே நடக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். நம் மணலில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை, குடிக்க இருக்கும் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காகத்தான் இருக்கிறது. கடல் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986-லிருந்து. படகின் அடியில் ஆயிலோடு தேங்கும் தண்ணீரைத் துறைமுகத்திலேயே கடலில் இறைத்தால் அது போய்ச் சேருவது பவளத்திலும், கடற்புல்லிலும், நம் வலையில் விழும் மீனிலும்.

மூடியுள்ள ஒரு பேரலைத் தனியாக ஒதுக்கி, "கழிவு ஆயில்" என்று எழுதி, கீழே ஒரு தட்டு வைத்து, கூரைக்குள் வையுங்கள். தண்ணீர், டீசல், பெயின்ட் கலக்காத ஆயிலுக்கு வாங்குபவர் விலை தருவார், கலந்ததற்குத் தரமாட்டார். ஒரு பேரல் நிறைவது சிறிய பட்டறைக்கு நாளாகும் என்பதால், பக்கத்துப் பட்டறைகளோ ஒரே இறங்குதளத்துப் படகுக்காரர்களோ சேர்ந்து பொதுவாக வைத்து, எடுக்க வருபவரின் அனுமதிச் சான்றைப் பார்த்து, ரசீது வாங்கிக் கொடுங்கள்.